வாங்கிப் போடுவதற்கு முன் அளந்து பாருங்கள்: பழைய வண்டிகளையும் கருவிகளையும் ஓடவைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய வண்டி நடுவழியில் நின்றால் ‘எஞ்சின் போய்விட்டது’ என்கிறோம். மடிக்கணினி உயிர்பெறவில்லை என்றால் ‘போர்டு போய்விட்டது’ என்கிறோம். இரண்டுமே பெரும்பாலும் அவசரத் தீர்ப்புகள். வயதான இயந்திரத்தில் முதலில் பழுதாவது அநேகமாகச் சின்னச் சாமானாகத்தான் இருக்கும்: பூத்துப்போன பேட்டரி டெர்மினல், காய்ந்து வெடித்த ரப்பர் குழாய், தலை உப்பிய கெபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன உருளை), மடங்கி மடங்கி உள்ளே அறுந்துபோன ஒயர். அசையும் இடம், சூடாகும் இடம், இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொள்ளும் இடம், திரவம் நிற்கும் இடம். இந்த நான்கையும் பார்த்து முடிக்காமல் விலையுயர்ந்த பாகத்தில் கைவைப்பது வீண் செலவு.

இந்த வழிகாட்டி போகும் வரிசையும் அதுதான். வெளியிலிருந்து உள்ளே, மலிவானதிலிருந்து விலை கூடியதற்கு, அளந்த பிறகே மாற்றுவது. கருவிகள் என்று பார்த்தால், வேறு எதை வாங்காவிட்டாலும் வோல்ட், ஆம்பியர் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் வாங்கிவிடுங்கள். மற்றவை தேவைப்படும்போது ஒவ்வொன்றாகச் சேரும்.

முதல் படி: அறிகுறியை எழுதிவைத்தல்

‘வண்டி சரியில்லை’ என்று எழுதினால் அது யாருக்கும் உதவாது. ‘காலையில் ஒரே முறையில் ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தினால், செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பத்து நிமிடத்துக்கு மறுபடி எடுப்பதில்லை’ என்று எழுதுங்கள். இந்த ஒரு குறிப்பே பேட்டரியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது. சூடேறியதும் தகராறு செய்யும் இக்னிஷன் காயில், குழாயிலேயே ஆவியாகும் எரிபொருள் என்று தேடவேண்டிய இடம் சுருங்கிவிடுகிறது.

எப்போது, எவ்வளவு நேரம் ஓடியபின், மழையிலா வெயிலிலா, சுமை ஏற்றியபோதா, எந்த மேட்டில், எந்தச் சத்தத்துடன் என்று எழுதுங்கள். நோட்டின் பின்பக்கத்தில் எண்ணெய் மாற்றிய தேதி, டயர் வாங்கிய தேதி, பேட்டரி போட்ட தேதி ஆகியவை இருக்கட்டும். மெக்கானிக்கிடம் போனாலும் இந்த நோட்டோடு போங்கள். அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிச்சமாகும்.

‘பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் ஓடும்’ என்று வீட்டில் சொல்வார்களே, அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். அதுவும் ஒரு பரிசோதனை முடிவுதான். தட்டினால் சரியாகிறது என்றால் எங்கோ லூஸ் கான்டாக்ட் அல்லது விரிசல் விட்ட சாலிடர் இருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது ஓடி, சூடானதும் நிற்கிறது என்றால் வெப்பத்தில் விரியும் ஏதோ ஒன்று விலகுகிறது. மாறாக, ஆரம்பத்தில் தடுமாறிவிட்டுச் சூடேறிய பின் ஒழுங்காக ஓடும் மின்னணுக் கருவி என்றால், உள்ளே கெபாசிட்டர் காயத் தொடங்கியிருக்கலாம். தட்டுவதைப் பழக்கமாக்கிக்கொள்வதுதான் தவறு. விரிசல் ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் பெரிதாகும்.

இரண்டாம் படி: வண்டியின் மின்சாரம்

கார் என்றாலும் இருசக்கர வண்டி என்றாலும் முதலில் பேட்டரியை அளக்க வேண்டும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி. அப்படியே விட்டுவைத்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

அடுத்து, ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது இன்னொருவர் மீட்டரைப் பார்க்கட்டும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 12.5-லேயே நின்றால் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரோ அதை அளவோடு விடும் ரெகுலேட்டரோ சார்ஜ் கொடுக்கவில்லை. புது பேட்டரி போட்டாலும் நான்கு நாளில் பழைய கதைதான். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது, பேட்டரி கொதித்துப்போகும்.

இதுவரை பலரும் செய்வார்கள். யாரும் செய்யாதது இனிமேல் வருகிறது, பழைய வண்டிக்கு இதுதான் முக்கியம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தின் மேலேயே வையுங்கள். அதை இறுக்கும் கிளாம்பில் வைக்காதீர்கள். மறுமுனையை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியில் அழுத்திப் பிடியுங்கள். இப்போது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால், அந்த வழியில் எங்கோ துரு உட்கார்ந்து மின்சாரத்தைத் தின்கிறது. மங்கலான விளக்கு, தடுமாறும் செல்ஃப், காரணமின்றி ஆடும் மீட்டர் முள் என்று மூன்று தனித்தனி நோய்களாகத் தெரிபவை எர்த் ஒயரின் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்ப இறுக்கியதும் ஒன்றாக மறைவதைப் பார்க்கலாம்.

டெர்மினலைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் வண்டி உடம்பில் பட்டால் நேரடி ஷார்ட். பூத்திருக்கும் வெள்ளை, பச்சைத் தூளைச் சமையல் சோடா கலந்த வெந்நீரில் நனைத்த பழைய பல் துலக்கியால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கரையும். அமிலம் முறிகிறது என்று பொருள். துடைத்து உலர்த்தி, இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள்.

இரவில் நிறுத்திய வண்டி காலையில் பேட்டரி இறங்கிக் கிடந்தால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் வழியில் மீட்டரை ஆம்பியர் நிலையில் தொடராக இணைத்து அளக்கலாம். கார் என்றால் உள்ளிருக்கும் மின்னணுப் பெட்டிகள் உறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் கொடுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அதிகமாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள்; எதை உருவும்போது அளவு சடாரென்று இறங்குகிறதோ அந்தப் பாதையில் கள்வன் இருக்கிறான். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

மூன்றாம் படி: வண்டியின் எண்ணெய், ரப்பர், புகை

பெட்ரோல் எஞ்சின் எடுக்கவில்லை என்றால் கேள்விகள் நான்குதான்: எரிபொருள் வருகிறதா, காற்று போகிறதா, பொறி வருகிறதா, அழுத்தம் இருக்கிறதா. இவற்றில் மூன்றுக்கு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே துப்புக் கிடைக்கும். நுனி இளம்பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. கரிபோல் உலர்ந்த கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரக் கறுப்பு என்றால் உள்ளே எண்ணெய் ஏறுகிறது. வெளுத்திருந்தால் எரிபொருள் போதவில்லை அல்லது எஞ்சின் மிகையாகச் சூடேறுகிறது. பல தடவை செல்ஃப் அடித்த பின்னும் பிளக் நனையாமல் இருந்தால் எரிபொருளே வந்து சேரவில்லை.

பிளக்கைத் திரும்பப் போடும்போது முதல் சில சுற்றுகளை விரலால் மட்டுமே சுற்றுங்கள். சிலிண்டர் தலை அலுமினியம், பிளக் எஃகு. ஸ்பேனரால் கோணலாகத் திருகினால் மரை கிழிந்து, சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும்.

புகையும் பேசும். நீலப் புகை எஞ்சின் ஆயில் எரிவதைச் சொல்கிறது. கறுப்புப் புகை எரிபொருள் அதிகம் என்பதை. குளிர்ந்த காலையில் சற்று நேரம் வரும் வெண்புகை வெறும் நீராவி. ஆனால் எஞ்சின் சூடேறிய பின்னும் இனிப்பு வாடையோடு தொடர்ந்தால் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) உள்ளே கசிகிறது. ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள்: பால் கலந்ததுபோல் நுரையும் வெளுப்பும் தெரிந்தால் அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்லுங்கள்.

பிரேக் ஆயிலைப் பலர் அளவு குறைந்தால் ஊற்றுவதோடு விட்டுவிடுகிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பின் அது 155 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது குழாயில் ஆவிக் குமிழி உண்டாகி, மிதி தரை வரை போகும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். வண்டி ஓடாமல் நின்றிருந்தாலும் இந்தக் கணக்கு பொருந்தும். கிளைகோல் அடிப்படையிலான டாட் 3, டாட் 4 வகைகளோடு சிலிக்கான் அடிப்படையிலான டாட் 5-ஐக் கலக்கக் கூடாது. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், உரித்துவிடும்.

டயரில் பூ இருக்கிறது, இன்னும் ஓடும் என்பார்கள். பக்கவாட்டில் ‘டாட்’ (DOT) குறியின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பூ 1.6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலும் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அந்த டயரின் காலம் முடிந்துவிட்டது. எரிபொருள் குழாய்க்கும் இதே பார்வை வேண்டும்: வளைத்துப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். தீப்பிடிப்பது இங்கிருந்துதான். வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், கையேட்டில் சொன்ன கிலோமீட்டர், ஆண்டு இரண்டில் எது முதலில் வருகிறதோ அதையே பின்பற்றுங்கள். பல எஞ்சின்களில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

நான்காம் படி: கருவிகளின் மின்வழி

மின்னணுக் கருவி உயிர்பெறவில்லை என்றால் சுவர் பிளக்கிலிருந்து உள்ளே நடந்து போங்கள்: பிளக், ஒயர், அடாப்டர், செருகும் துளை, பேட்டரி, கடைசியில்தான் போர்டு. ஒயர் அறுவது பெரும்பாலும் இரண்டு முனைகளில், பிளக்கோடு சேரும் கழுத்தில். அந்த இடத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். வேறு அடாப்டரை வைத்துச் சோதிக்கும்போது வோல்ட் அதே அளவு, ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதல், நடுமுனை பாசிட்டிவா நெகட்டிவா என்ற குறி இரண்டிலும் ஒன்று. மூன்றும் பொருந்தினால்தான் செருக வேண்டும்.

கைபேசி சார்ஜ் ஏறவில்லை என்று சேவை மையத்துக்கு ஓடும் முன், அணைத்துவிட்டு அந்தத் துளைக்குள் விளக்கடித்துப் பாருங்கள். சட்டைப்பை நூல்துகள் உள்ளே அழுந்தி அழுந்திக் கம்பளித் திண்டாகக் கிடக்கும். கேபிள் கடைசி வரை போகாமல் நிற்கும். மரப் பல்குச்சியால் சுவரோரமாகச் சுரண்டி எடுங்கள். ஊசி, குண்டூசி வேண்டாம், பின்கள் வளைந்துவிடும். நனைந்த கைபேசியை அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாத வேலை. அரிசி ஈரத்தைப் பெரிதாக இழுப்பதில்லை, மாவுத்தூள்தான் துளைக்குள் போகும். உடனே அணைத்து, காற்றோட்டத்தில் வைத்து, காயும் வரை சார்ஜ் போடாமல் இருப்பதே முறை.

ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் அதைக் கைபேசிக் கேமராவை நோக்கிப் பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். நுனியில் ஊதா நிற ஒளி மினுக்கினால் ரிமோட் நலம், கோளாறு தொலைக்காட்சியில். சில கேமராக்கள் அகச்சிவப்பு ஒளியை வடிகட்டிவிடும் என்பதால் முன்பக்கக் கேமராவிலும் பாருங்கள். பேட்டரி அறையில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் அது அல்கலைன் பேட்டரியின் கசிவு. இங்கே சமையல் சோடா பயன்படாது. வண்டி பேட்டரியில் கசிவது அமிலம், இதில் கசிவது காரம். எனவே பஞ்சுக்குச்சியில் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடையுங்கள். பிறகு ஆல்கஹால் தொட்டு ஒரு துடைப்பு, கடைசியில் கம்பியை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தல்.

லித்தியம் பேட்டரியைக் கொல்வது வெப்பம்தான். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைப்பது, தலையணைக்கடியில் சார்ஜ் போடுவது, நூறு சதவீதத்திலேயே மாதக்கணக்கில் செருகி வைப்பது ஆகியவை அதன் ஆயுளைக் குறைக்கும். 20-க்கும் 80-க்கும் இடையில் வைத்திருந்தால் நீண்ட நாள் உழைக்கும். எடுத்து வைக்கும் கருவியைப் பாதிச் சார்ஜில் வையுங்கள். பின்மூடி பிதுங்கினாலோ தொடுதிரை மேலெழும்பினாலோ பேட்டரி உப்பிவிட்டது: சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள்.

மடிக்கணினி சத்தம் போட்டுக் கொதித்தால் தூசிதான் முதல் குற்றவாளி. மின்விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். சுழலவிட்டு அடித்தால் தாங்கி கெடும். ஆண்டுக்கணக்கான கணினி என்றால் பிராசஸரின் மேல் காய்ந்திருக்கும் வெப்பப் பசையையும் மாற்றுங்கள். மெதுவாகிவிட்டது என்று தூக்கிப்போட நினைக்கும் கணினியில் இன்னும் சுழலும் வன்தட்டு இருந்தால், அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்) போட்டுப் பாருங்கள். பழைய கணினிக்கு இதைவிடச் சிறந்த மருந்து எனக்குத் தெரியாது. வன்தட்டில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறது என்றால் வேறெதையும் செய்வதற்கு முன் கோப்புகளை நகலெடுங்கள்.

பொருள் நன்றாக இருந்தும் காலம் அதைக் கைவிடும் பழுதுகளும் உண்டு. ஒவ்வொரு முறையும் தேதி பின்னுக்குப் போகும் கணினியில் இணையதளங்கள் திறக்காது. இணையதளம் தன்னை அடையாளம் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழின் தேதி பொருந்தாததே காரணம். மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது. தேதி சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் கணினி நம்பும் சான்றிதழ்களின் பட்டியல் பழசாகியிருக்கும். 2021 செப்டம்பர் 30 அன்று மற்றச் சான்றிதழ்களுக்கு உறுதி தரும் ஒரு முக்கிய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது பழைய கணினிகள் பலவற்றுக்கு இந்த நிலை வந்தது. சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலை வைத்திருக்கும் ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவியைப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். 2019 ஏப்ரலில் ஜி.பி.எஸ். வார எண்ணிக்கை 1,024-ஐ எட்டிச் சுழியத்துக்குத் திரும்பியபோது தேதி தடுமாறிய பழைய வழிகாட்டிக் கருவிகளும் இந்த வகைதான். இங்கே ஸ்க்ரூடிரைவருக்கு வேலையே இல்லை.

ஐந்தாம் படி: பிரிப்பது, சேர்ப்பது

பிரிப்பதற்கு முன் ஒரு படம், ஒவ்வொரு அடுக்கைக் கழற்றிய பின் ஒரு படம். ஒரு தாளில் கருவியின் உருவத்தை வரைந்து, கழற்றிய ஸ்க்ரூவை அதனதன் இடத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். மடிக்கணினியில் நீளமான ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் துளையில் போட்டால் அது போர்டைத் துளைத்துக்கொண்டு வரும். மூடி வரமறுத்தால் பலம் போடாதீர்கள். அநேகமாக ஸ்டிக்கருக்கடியிலோ ரப்பர் காலுக்கடியிலோ ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும்.

பழைய ஜப்பானிய வண்டிகளில் கூட்டல் குறி ஸ்க்ரூக்களின் தலை அடிக்கடி மழுங்குவதற்குக் காரணம் உண்டு: அவை ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தரத்தில் ஆனவை, சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் சரியாக உட்காராமல் வழுக்கும். துருப்பிடித்த போல்ட்டுக்குத் துரு நீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி அசைத்து, பிறகு தளர்த்துங்கள். துருவின் பிடி உடைய இந்த முன்பின் அசைவு உதவும்.

பவர் போர்டில் கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தால் அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகை பார்த்து வாங்குங்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதனால்தான் காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் வைத்த கருவிகள் சீக்கிரம் போகின்றன. பவர் போர்டின் பெரிய கெபாசிட்டர் பிளக்கை உருவிய பின்னும் நூற்றுக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கலாம். அளந்து, தேங்கிய மின்சாரத்தை வடித்த பிறகே கைவைக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிச் சரியானால் எது பழுது என்று கடைசி வரை தெரியாது. கழற்றிய பழைய பாகத்தை ஒரு மாதமாவது வைத்திருங்கள்.

ஆறாம் படி: எங்கே நிறுத்துவது

மைக்ரோவேவ் அடுப்பின் உள்ளே கைவைக்காதீர்கள். அதன் கெபாசிட்டரில் 2,000 வோல்ட்டும் அதற்கு மேலும் நிற்கும், பிளக்கை உருவினாலும் உயிரை எடுக்கும். பழைய குழாய்த் தொலைக்காட்சிகளில் 20,000 வோல்ட்டுக்கும் மேல். காரின் ஏர்பேக் ஒயர்களும் இந்தப் பட்டியல்தான். கெட்டில், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றில் வெப்ப ஃபியூஸ் போனால் அதே அளவில் புதிது போடலாம். ஒயரால் நேராக இணைத்து ‘ஓடுகிறதே’ என்று சந்தோஷப்படுவது வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம். வண்டியின் சட்டத்தில், சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்தில், துரு அரித்து ஓட்டை விழுந்திருந்தால் எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கைவிட முடிவு செய்த கருவியை அப்படியே கொடுத்துவிட வேண்டாம். முதலில் தரவுகளை நகலெடுத்து அழியுங்கள். பிறகு ஸ்க்ரூக்கள், ரப்பர் கால்கள், திருகுக் குமிழ்கள், அடாப்டர், பேட்டரி மூடி, நல்ல நிலையில் உள்ள ஸ்விட்ச் ஆகியவற்றைக் கழற்றி, எந்தக் கருவியிலிருந்து வந்தவை என்று எழுதிய உறையில் போடுங்கள். பேட்டரியைத் தனியே எடுத்து, முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். மிச்சமுள்ள கூடு மின்கழிவோடு போகலாம்.